வெ. வயிறு, வயது இரண்டு நாள்

வயிறு ஒட்டி முடிந்தபோது வெள்ளைத்தாயின் கையில் அரைத் தாள் மிஞ்சியிருந்தது.

ஷெல் ஒட்டுகிறவள் கையில் தாள் மிஞ்சக் கூடாது. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினேழு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. வானத்தில் ஏறிப் பூவாக விரிகிற ஃபேன்சி ரகங்களுக்கு வெளியே ஒரு காகித ஓடு உண்டு. அதை ஷெல் என்பார்கள். உள்ளே மருந்து அடைப்பது வேறு ஆள், வேறு அறை. ஓட்டின் மேல் தாள் சுற்றுவது வெள்ளைத்தாய். பசையில் தோய்த்த தாள் கீற்றுகளை ஒரு சுற்று நெடுக்காக, அடுத்த சுற்று குறுக்காக, அதற்கடுத்த சுற்று சாய்வாக என்று மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். தாளுக்கும் மரத்தைப் போல ஓர் ஓட்டம் இருக்கிறது. செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் கோடு போட்டதுபோல நேராகக் கிழியும். மறு திசையில் கிழித்தால் கோணிக்கொண்டு ஓடும். ஒரு தாள் எந்தப் பக்கம் எளிதில் கிழியுமோ, அதற்குக் குறுக்கே அடுத்த தாளைப் படுக்க வைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து எந்தப் பக்கமும் கிழியாது. ஓட்டின் பலம் முழுவதும் இவ்வளவுதான். எண்ணிக் கொடுத்த தாளில் ஒன்று மிஞ்சினால் எங்கோ ஒரு சுற்று விட்டுப்போயிற்று என்று அர்த்தம். அந்த ஷெல் வானத்தில் ஒரு பக்கமாகப் பிளந்து, பாதிப் பூவைக் காட்டிவிட்டு அணைந்துபோகும்.

வெள்ளைத்தாய் வயிற்றை மறுபடி எண்ணினாள். தொப்புளுக்கு மேலே எண்ணினால் கணக்குச் சரியாக இருந்தது. தொப்புளுக்குக் கீழே மூன்று விரல் தள்ளி எண்ணினால் பின்பக்கத்தில் ஒன்று குறைந்தது. சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். படத்திலும் அந்தப் பின்தாள் பாதி வழியில் நின்றிருந்தது. படம் போட்டவர்கள் அந்த இடத்தில் சாப்பிடப் போய்விட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள்.

இந்தக் காகித வயிற்று வேலை அவளிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் இன்னொரு வயிறு. அது அவள் புருஷன் தங்கச்சாமியுடையது.

தங்கச்சாமி சிவகாசியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் லோடுமேன். பட்டாசுப் பெட்டிகளை லாரியில் ஏற்றுவது வேலை. அங்கே பில்லில் ஒரு பெட்டிக்கு ஒரு கட்டம்தான் உண்டு. அதில் ஒரு ரகம்தான் எழுதலாம். ஒரே பெட்டியில் இரண்டு ரகம் கலந்து வந்துவிட்டால் தங்கச்சாமி யாரிடமும் வாதாட மாட்டான். பெட்டியைப் பிரித்து இரண்டு பெட்டியாகக் கட்டி ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். அப்படி ஏற்றி ஏற்றித்தான் போன சீசனில் வலது தொடை இடுக்குக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு வந்தது. தூக்கினால் வெளியே வரும். படுத்தால் உள்ளே போய்விடும். வயிறு என்பது ஒரு சுவர். சுவரில் எங்காவது நொய்ந்த இடம் இருந்தால் உள்ளே இருக்கிற குடல் அதன் வழியே எட்டிப் பார்க்கும். குடலிறக்கம் என்பது அதுதான். வெளியே வந்த குடல் உள்ளே போக மறுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆனி மாதத்தில் அறுவை முடித்து, ஆடி முழுவதும் படுத்து எழுந்தால், ஆவணியில் லோடு ஏற்றப் போகலாம். தவறினால் எலுமிச்சம்பழத்தோடுதான் தீபாவளி வரை பெட்டி தூக்க வேண்டும். ஆகவே ஆனி பிறந்ததும் இருவரும் வைப்பாற்றங்கரை மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். அங்கே டாக்டர் ஆர்த்தி அவனைப் படுக்கவைத்து, இருமச் சொல்லி, விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் கண்டிப்பா செய்யணும்ணே. ஆனா எங்களால செய்ய முடியாது" என்றாள்.

ஏன் முடியாது என்பது இப்படி. அறுவைப் பயிற்சி அங்கீகார ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. பயிற்சி மாணவர்கள் நோயாளியின் வயிற்றைத் தொடும் முன் ஒரு மாதிரி வயிற்றில் ஒன்பது அடுக்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பழக வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. நல்ல விதி. கல்லூரியிலும் வெளிநாட்டு ரப்பர் வயிறு ஒன்று இருந்தது. அதைச் சித்திரை மாதம் தகரக் கொட்டகையில் வைத்துப் பூட்டினார்கள். வைகாசியில் திறந்தபோது ஒன்பது அடுக்கும் உருகி ஒரே அடுக்காகியிருந்தது. புது மாதிரிக்கு ஆணையத்தின் அங்கீகாரம் வரும்வரை அந்தக் கல்லூரியில் மாணவர்களோ, இருபது வருடமாக வயிறு திறக்கும் பெரிய டாக்டர்களோ யாரும் எந்த வயிற்றையும் திறக்கக் கூடாது.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் காப்பீட்டு அட்டை இங்கே பதிவாகிவிட்டது. இங்கே முடியாது என்று கடிதம் தந்தால்தான் மாற்ற முடியும். டீன் முத்துக்கிருஷ்ணன் அந்த வேண்டுகோளைப் பொறுமையாகக் கேட்டார்.

"முடியாதுன்னு எப்படிம்மா எழுதித் தர்றது? எங்களால முடியும். இப்ப முடியாது, அவ்வளவுதான். 'இப்ப' அப்படிங்கறதுக்குப் படிவம் கிடையாது" என்றார்.

வெளியே வரும்போது டாக்டர் ஆர்த்தி வெள்ளைத்தாயின் விரல்களைப் பார்த்தாள். ஆர்த்தியின் அப்பாவுக்குத் திருத்தங்கலில் பிரஸ் இருக்கிறது. பசையைப் பார்த்தால் அவளுக்குத் தெரியும்.

"என்னக்கா, நகமெல்லாம் மைதாவா?"

"ஷெல்லு ஒட்டுதேன் டாக்டரம்மா. எம்புட்டு கழுவினாலும் போகாது."

"குறுக்க நெடுக்க மாத்தி மாத்தி ஒட்டுவீங்களே, அதா?"

"ஆமா. ஒருச்சாய்ச்சு ஒட்டினா பிச்சுக்கிட்டுப் போயிரும்ல."

ஆர்த்தி அவளை அப்படியே உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து ஒரு காகிதத்தில் படம் போட ஆரம்பித்தாள். "அக்கா, சேலைக்கு மேல ரெண்டு பக்கமும் பாக்கெட் இருக்குன்னு நினைச்சு அதுல கையை விடுங்க. விரல் எப்படிப் போகுது, சாய்வா கீழ, உள்பக்கம் பாத்து. வயித்துப் பக்கவாட்டுல வெளித் தசையோட நார் அப்படித்தான் ஓடுது. அதுக்கு அடியில இருக்கிற தசை அதுக்கு நேர் குறுக்க, மேல பாத்து ஓடுது. மூணாவது, பெல்ட்டு போட்ட மாதிரி படுக்கையா."

வெள்ளைத்தாய் இல்லாத பாக்கெட்டில் கையை விட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள். "அப்ப நம்ம கம்பெனி வேலைதான் இது" என்றாள். உருகிப்போன ரப்பர் வயிற்றுக்குப் பதிலாகத் தாளில் ஒரு மாதிரி வயிறு ஒட்டித் தருவதாகப் பேச்சு முடிந்தது.

அவள் ஒட்டிய முதல் வயிற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பதினேழு வருடப் பழக்கம் கையில் இருந்தது. ஒன்பது அடுக்கையும் இறுக்கி ஒட்டி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தாள். தட்டினால் மேளம் போலச் சத்தம் வந்தது. பயிற்சி மாணவர் ஒருவர் கத்தியை வைத்தார். பிளேடு உடைந்தது. வேறு பிளேடு மாட்டினார். அதுவும் உடைந்தது. மூன்றாவது பிளேடு உடைந்ததும் டீன் முத்துக்கிருஷ்ணன் வயிற்றைத் தடவிப் பார்த்து, "மாதிரி மிகத் தரமாக இருக்கிறது. மாணவர்தான் தயாராகவில்லை" என்று குறிப்பு எழுதினார். கூடியிருந்தவர்களைப் பார்த்து, "நம் மக்களுக்கெல்லாம் இப்படி ஒரு வயிறு இருந்தால் நமக்கு அறுவைப் பிரிவே தேவைப்படாது. அந்த நாளை நோக்கித்தான் இந்தக் கல்லூரி நடைபோடுகிறது" என்றும் பேசினார். கைதட்டினார்கள்.

ஆர்த்தி மட்டும் அவளைத் தனியே கூப்பிட்டு, "இது தொறக்கணும்க்கா. ஒண்ணொண்ணா தொறக்கணும்" என்றாள்.

"தொறக்காம ஒட்டத்தான் எனக்குச் சம்பளம் குடுக்காக" என்றாள் வெள்ளைத்தாய். ஆனாலும் யோசித்தாள். ஓரத்தில் மட்டும் பசை வைத்தாள். நடுவில் தாளுக்கும் தாளுக்கும் இடையே முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவினாள். தாள்களை ஆர்த்தியின் அப்பா பிரஸ்ஸில் அளவாக வெட்டி, எண்ணி அனுப்பினார்கள். தசைக்குச் சிவப்புத் தாள், கொழுப்புக்கு மஞ்சள் ஸ்பாஞ்ச், குடலை மூடும் கடைசி உறைக்கு எண்ணெய்த் தாள். இப்போது ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததன்மேல் வழுக்கியது. நிஜ வயிறும் அப்படித்தான் வழுக்கும் என்று ஆர்த்தி சொன்னாள். அந்த இரண்டாவது வயிற்றில்தான் அரைத் தாள் மிஞ்சியது.

அவள் அந்த அரைத் தாளை எடுத்துக்கொண்டு ஆர்த்தியிடம் போனாள். தங்கச்சாமியும் கூட இருந்தான்.

"டாக்டரம்மா, கோவிச்சுக்கிடாதீக. உங்க படத்துல ஒரு எடத்துல முடிக்காம விட்டுட்டீக."

ஆர்த்தி தங்கச்சாமியைக் கட்டிலில் படுக்கச் சொன்னாள். "அண்ணே, கையை ஊணாம தலையை மட்டும் தூக்குங்க." அவன் தூக்கினான். வயிற்றின் நடுவே இரண்டு பக்கமும் நட்டுக்குத்தாக இரண்டு பட்டைகள் கெட்டியாக எழும்பின. "இந்த ரெண்டு பட்டைத் தசையைச் சுத்தி ஒரு உறை இருக்குக்கா. பக்கத்துல இருந்து வர்ற மூணு தாளும் இங்க வந்து மெலிஞ்சு உறையா மாறுது. மேல் பாதியில ஒண்ணரைத் தாள் பட்டைக்கு முன்னால போகும், ஒண்ணரைத் தாள் பின்னால போகும். தொப்புளுக்குக் கீழ மூணு விரல் தாண்டினதும் மூணு தாளும் முன்னாலயே போயிரும்."

"பின்னால?"

"பின்னால கெட்டித் தாள் கிடையாது. மெல்லிசா ஒரு சவ்வு, கொஞ்சம் கொழுப்பு, அப்புறம் குடலை மூடுற உறை. அந்த எடத்துக்கு வளைகோடுன்னு பேரு. படம் சரிதான். எங்க அப்பா பிரஸ்லதான் பின்தாளை முழு நீளத்துக்கு வெட்டி அனுப்பிட்டாங்க."

"ஏன் அங்கன மட்டும் அப்பிடி நிக்குது?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. ஆனா அங்க நிக்குதுன்னு கத்தி பிடிக்கிறவனுக்குத் தெரியணும். பின்னால ஒரு சுவர் இருக்குன்னு நம்பி அழுத்தினா அடுத்தது குடல்."

தலையைத் தூக்கியபடியே கிடந்த தங்கச்சாமி, "தலையை எறக்கலாமா தாயி?" என்று கேட்டான்.

வெள்ளைத்தாய் அரைத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வயிறு தயார் என்றதும் ஆணையத்தின் வழிகாட்டி நூலை டீன் வெளியே எடுத்தார். எண்ணூறு பக்கம். முதலில், பட்டாசுத் தொழிற்சாலைத் தாளில் செய்த பொருள் என்பதால் வெடிக்காது என்று ஒரு சான்று வேண்டும். வெள்ளைத்தாய் வயிற்றை ஒரு பழைய சேலையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் இருக்கிற சூலக்கரைக்குப் பஸ் ஏறினாள்.

கண்டக்டர், "என்னம்மா அது, லக்கேஜா?" என்றார்.

"வயிறுண்ணே."

"அது எல்லாருக்குந்தான் இருக்கு. டிக்கெட் எடு."

சூலக்கரையில் ஒரு அலுவலர் சேலையை விலக்கிப் பார்த்து, "வெடிக்குமா?" என்று கேட்டார். "இன்னைக்கு வரைக்கும் இல்லங்கய்யா" என்றாள். அவர் நியாயமான மனிதர். 'இன்றுவரை வெடிக்கவில்லை' என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

அடுத்த விதி, கல்லூரி வளாகத்துக்குள் கத்தி வைக்கப்படும் எதுவும் உள்நோயாளியாக இருக்க வேண்டும். காய்கறி தவிர என்று அடிக்குறிப்பு இருந்தது. ஆகவே வயிற்றைச் சேர்க்கைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எழுத்தர் பலவேசம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வயிற்றைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. ஓய்வுபெற ஒன்பது மாதம் இருந்தது.

"பேரு?"

"வயிறு."

"இனிஷியல்?"

"அது கிடையாதுண்ணே."

"இனிஷியல் இல்லாம கம்ப்யூட்டர் எடுக்காது. யாரு செஞ்சது?"

"நாந்தான். வெள்ளைத்தாய்."

"வெ. வயிறு" என்று தட்டினார். "வயசு?"

"முந்தாநேத்து ஒட்டி முடிச்சேன்."

"ரெண்டு நாள். பச்சப்புள்ள. ஆணா, பொண்ணா?"

இருவரும் வயிற்றைப் பார்த்தார்கள். பலவேசம் அதைத் திருப்பியும் பார்த்தார். பிறகு கணினியைப் பார்த்தார். ஆண்கள் வார்டில் ஒரே ஒரு கட்டில் காலியாக இருந்தது. "ஆண்" என்று எழுதினார்.

அந்த ஒரு கட்டில், ஏழாம் எண். அதைத்தான் தங்கச்சாமி பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். வெ. வயிறு அதில் வெள்ளை விரிப்பின்மேல் படுத்தது. மணிக்கட்டில் கட்ட வேண்டிய அடையாளப் பட்டையைக் கட்ட இடமில்லாமல் சிஸ்டர் தொப்புளில் ஒட்டினார். ஆண்கள் வார்டில் ஆண் அட்டெண்டர்தான் இருக்கலாம் என்பதால் பாஸ் தங்கச்சாமிக்கு வந்தது. குடலிறக்கம் உள்ள தங்கச்சாமி, குடலே இல்லாத வயிற்றுக்குத் துணையாகக் கட்டிலுக்குக் கீழே செய்தித்தாள் விரித்துப் படுத்துக்கொண்டான்.

எடை பார்த்ததில் வெ. வயிறு முக்கால் கிலோ இருந்தது. வளர்ச்சிக் குறைவு என்று தினம் இரண்டு முட்டையும் பாலும் எழுதினார்கள். தாய்ப்பால் தரப்படுகிறதா என்ற கட்டத்துக்கு வந்ததும் சிஸ்டர் வெள்ளைத்தாயை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு 'பொருந்தாது' என்று எழுதினார். அந்தப் படிவத்தில் 'பொருந்தாது' என்று எழுத இடம் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முட்டையைத் தங்கச்சாமி சாப்பிட்டான். நான்கு நாளில் அவன் கன்னம் கொஞ்சம் மினுமினுத்தது. காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் பன்னிரண்டு மாணவர்களோடு வந்து ஏழாம் எண் கட்டில் பக்கம் குனிந்து, "வலி இருக்கா?" என்று கேட்டார். பதில் வரவில்லை. 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று ஒரு மாணவர் எழுதிக்கொண்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து தங்கச்சாமி, "அய்யா, எனக்குத்தான் வலி" என்றான்.

"அட்டெண்டர் கட்டிலுக்கு அடியில படுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ரவுண்ட்ஸ் எட்டாம் எண்ணுக்குப் போயிற்று.

வயிற்றைப் பார்த்து அங்கீகாரம் தர ஆணையத்திலிருந்து ஆய்வுக்கு வரும் நாளுக்கு முந்தின நாள், வயிற்றின் தலைமாட்டில், அதாவது தலை இருந்திருந்தால் எங்கே இருக்குமோ அங்கே, 'எதுவும் சாப்பிடக் கொடுக்கக் கூடாது' என்று பலகை மாட்டினார்கள். முட்டை நின்றது.

"ஏ புள்ள, கத்தி அதுக்கு. பட்டினி எனக்கா?" என்றான் தங்கச்சாமி.

"ஒரு நாளு பொறுத்துக்கிடுங்க. நாளைக்கு இது பாசாயிட்டா அடுத்த கத்தி உங்களுக்குத்தான்" என்றாள் வெள்ளைத்தாய். மனைவி புருஷனிடம் இவ்வளவு ஆசையாகக் கத்தியைப் பற்றிப் பேசுவது அந்த வார்டுக்கே புதிது.

ஆய்வு நாளில் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டினார்கள். ஆணையத்தின் தலைமை மதிப்பீட்டாளர் டாக்டர் ஹரிபிரசாத் காரிலிருந்து இறங்கினார். அவருக்கு ஒரு பொன்னாடை. ஒரு பொன்னாடை அதிகமாக வாங்கியிருந்ததால் வயிற்றுக்கும் ஒன்று போர்த்தினார்கள். பிறகு அவர் பேசினார்.

"நண்பர்களே, அறுவை என்பது படிவத்தில் தொடங்கிப் படிவத்தில் முடிகிறது. நடுவில் நோயாளி வந்துபோகிறார். நான் கடைசியாக ஒரு வயிற்றைத் திறந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. ஆனால் அதன்பின் வயிற்றைப் பற்றி நான் நிரப்பிய படிவங்கள் நாற்பதாயிரம். வயிறு நம்மை ஏமாற்றலாம். ஒவ்வொரு வயிறும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். படிவம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே ஒரு மருத்துவன் எதை நம்ப வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்."

டீன் முத்துக்கிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வயிற்றை மேசையில் வைத்தார்கள். பயிற்சி மாணவர் தொப்புளுக்கு மேலே கத்தியை வைத்தார். தோல் பிரிந்தது. ஸ்பாஞ்ச் பிரிந்தது. அதனடியில் ஒரு மெல்லிய சவ்வு பிரிந்தது. உறை, பட்டைத் தசை, அதற்குப் பின்னால் மறுபடி உறை, சவ்வு, கொழுப்பு, எண்ணெய்த் தாள். ஒவ்வொன்றும் பவுடர் மணத்தோடு வழுக்கிக்கொண்டு திறந்தது. பின்னால் நின்ற வெள்ளைத்தாய் விரல் விட்டு எண்ணிக்கொண்டாள். ஹரிபிரசாத் கையிலிருந்த டேப்லெட்டில் ஒவ்வொரு கட்டமாகக் குறி போட்டார். பதினான்காம் கட்டம்: பட்டைத் தசைக்குப் பின்னால் உறை. 'உண்டு' என்று குறித்தார்.

மாணவர் தொப்புளுக்குக் கீழே திறந்தார். ஹரிபிரசாத் எட்டிப் பார்த்தார்.

"இங்கே பின்னால் உறை இல்லையே."

"இல்ல சார். வளைகோட்டுக்குக் கீழ இருக்காது" என்றாள் ஆர்த்தி.

"பதினான்காம் கட்டத்தில் உண்டு என்று குறித்துவிட்டேன்."

"மேல உண்டு சார், கீழ இல்ல."

"டாக்டர், இங்கே உண்டு, இல்லை என்று இரண்டுதான் இருக்கிறது. ஒன்றைத் தொட்டால் மற்றது மறைந்துவிடும். ஒரு வயிற்றுக்கு ஒரு பதில்."

"பொருந்தாதுன்னு..."

"அது ஊட்டச்சத்துப் படிவத்தில். இது உடற்கூறு."

"சார், எல்லா வயிறும் இப்படித்தான். உங்க வயிறும் இப்படித்தான் சார்."

"என் வயிறு ஆணையத்தின் வரம்புக்குள் வராது" என்றார் ஹரிபிரசாத்.

டீன் வெள்ளைத்தாயின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒரு தாள் விட்டுப்போச்சுன்னு சொன்னியாமே. அது இருக்கா?"

வெள்ளைத்தாய் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

"அதை அங்க ஒட்டிரும்மா. ரெண்டு நிமிஷ வேலை. மேலயும் உண்டு, கீழயும் உண்டு. சார் குறி போட்டுட்டுச் சாப்பிடப் போகலாம். உன் வீட்டுக்காரருக்கு வர்ற செவ்வாய்க்கிழமையே ஆபரேஷன்."

இதைவிடச் சுலபமான காரியம் வெள்ளைத்தாய்க்கு வாழ்க்கையில் யாரும் சொன்னதில்லை. பசை டப்பா கையில்தான் இருந்தது. ஆனி பதினெட்டு ஆகிவிட்டது. அவள் அரைத் தாளை எடுத்து விரித்தாள். கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்ற பயிற்சி மாணவரைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை தங்கச்சாமியின் வயிற்றுக்குப் பக்கத்தில் கத்தியோடு நிற்கப் போவது இந்தப் பையன்தான். இங்கே ஒரு சுவரை ஒட்டிவைத்தால் அங்கேயும் ஒரு சுவர் இருக்கும் என்று நம்பி அழுத்துவான்.

"ஒட்ட மாட்டேன் அய்யா" என்றாள்.

"ஏன்?"

"இல்லாத தாளை ஒட்டினா அது பொய்யி. ஷெல்லுல பொய் ஒட்டினா வானத்துல போயி அசிங்கப்படுவோம். இங்கன ஒட்டினா எங்க வீட்டுக்காரவுக குடலுல போயி நிக்கும்."

"அப்படியானால் இந்த வயிற்றை நிராகரிக்க வேண்டியதுதான்" என்றார் ஹரிபிரசாத். அவர் குரலில் கோபம் இல்லை. "அடுத்த ஆய்வு தை மாதத்துக்குப் பிறகு."

வாசலில் வயிற்றின் அட்டெண்டர் என்ற முறையில் பாஸோடு நின்றிருந்த தங்கச்சாமி பசியில் சுவரைப் பிடித்துக்கொண்டான். வெள்ளைத்தாய் அவனைப் பார்த்தாள். அவன் இடுப்புப் பக்கம் ஒரு கை தானாகப் போய் அழுத்திக்கொண்டிருந்தது. லாரி ஏற்றும்போதும் அவன் அப்படித்தான் அழுத்திக்கொள்வான். லாரி, பில், பில்லில் ஒரு கட்டம்.

அவள் மேசையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். வயிற்றின் ஓரத்தைப் பிடித்து, தொப்புளுக்குக் கீழே மூன்று விரல் வைத்து அளந்து, வளைகோட்டின் மேலேயே குறுக்காக வெட்டினாள். ஓரப் பசையில் கத்தரிக்கோல் கறகறவென்றது. இரண்டு துண்டையும் தனித்தனியாக வைத்தாள்.

"இது மேல் வயிறு. இது கீழ் வயிறு. ரெண்டு உருப்படி. ரெண்டு படிவம் போடுங்க."

ஹரிபிரசாத் மேல் துண்டைப் பார்த்தார். டேப்லெட்டைப் பார்த்தார். உண்டு. புதுப் படிவம் ஒன்றைத் திறந்தார். கீழ்த் துண்டைப் பார்த்தார். இல்லை. டேப்லெட் இரண்டு முறை பச்சையாக மின்னியது. அவர் முகம் மலர்ந்தது.

"ஆணையம் ஒரு மாதிரிதான் கேட்டது. இந்தக் கல்லூரி இரண்டு வைத்திருக்கிறது" என்றார். கல்லூரிக்கு 'மிகச் சிறப்பு' என்ற தகுதி கிடைத்தது. டீன் அன்று மாலையே பத்திரிகைகளுக்குப் படம் அனுப்பினார். படத்தில் டீனுக்கும் மதிப்பீட்டாளருக்கும் நடுவே பொன்னாடை தெரிந்தது. வெ. வயிறு வீட்டுக்கு அனுப்பப்பட்டது. வீடு என்று எழுதிய இடத்தில் பலவேசம் 'உடற்கூறு அறை, இரண்டாம் அலமாரி' என்று போட்டார்.

ஏழாம் எண் கட்டில் காலியாயிற்று. செவ்வாய்க்கிழமை காலை தங்கச்சாமியைச் சேர்க்கப் போனார்கள். பலவேசம் பெயர், இனிஷியல், வயது எல்லாம் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்ப்பா, நேத்து ஆணையத்துல இருந்து புது உத்தரவு வந்திருக்கு. வயித்துப் படிவம் இனி எல்லா வயித்துக்கும் கட்டாயமாம். உசுரு உள்ளது உட்பட." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "பதினாலு. பட்டைத் தசைக்குப் பின்னால உறை. உண்டா, இல்லையா?"

ஆர்த்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். தங்கச்சாமி மனைவியின் கையைப் பார்த்தான். கத்தரிக்கோல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டான்.

"ரெண்டு சீட்டு போடுங்கண்ணே" என்றாள் வெள்ளைத்தாய்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு சீட்டு வராதும்மா."

"ரெண்டு ஆளுன்னு போடுங்க."

பலவேசம் கொஞ்சம் யோசித்தார். ஓய்வுபெற எட்டரை மாதம் இருந்தது. தட்டினார். கணினி எடுத்துக்கொண்டது.

கீழ்த் தங்கச்சாமிக்கு அன்று பகல் பதினொன்றரைக்கு அறுவை நடந்தது. ஆர்த்தி செய்தாள், அந்தப் பயிற்சி மாணவர் கூட நின்றார். நொய்ந்த இடத்தில் வலை வைத்துத் தைத்தார்கள். குடல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆண்கள் வார்டில் ஆண் அட்டெண்டர்தான் இருக்க வேண்டும் என்பதால் மேல் தங்கச்சாமி துணைக்கு இருந்தான். முட்டை இரண்டு பேருக்கும் வந்தது. ஆவணி பிறந்ததும் இரண்டு பேரும் லோடு ஏற்றப் போனார்கள்.

இப்போது அந்தக் கல்லூரியில் யாருக்கும் பதினான்காம் கட்டத்தில் சந்தேகம் வருவதில்லை. தொப்புளுக்குக் கீழே மூன்று விரல் வைத்து அங்கே ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்கு மேலே ஒரு சீட்டு: உண்டு. கோட்டுக்குக் கீழே ஒரு சீட்டு: இல்லை.